வேடந்தாங்கல் கரையும் பரத்பூர் கல்லும்

“கூலி உயர்வைப் பற்றி எழுதுங்கள், கொக்கைப் பற்றி எழுதாதீர்கள். பறவை பார்க்கப் போவதெல்லாம் வேலை வெட்டி இல்லாத பணக்காரன் சமாசாரம்” என்று சில தோழர்கள் சொல்வதுண்டு. கூலியைப் பற்றி நாம் எழுதாத வாரம் கிடையாது, இனியும் எழுதுவோம். ஆனால் கொக்கை யார் கையில் விட்டுவிடப் போகிறோம்? ஏரியும், ஏரியில் இறங்கும் பறவையும், ஏரிக்கரையில் காலாற நடக்கும் உரிமையும் பணக்காரன் பாத்தியதை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவன் அதற்கு வேலி போட்டு விலை பேசும்போது தடுத்துக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

இந்தத் தோழர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பறவைகளுக்கென்று பேர் பெற்ற ஏரிகளில் மூத்தது வேடந்தாங்கல். அதைக் காத்தது ராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல, காட்டிலாகாவும் அல்ல. நெல் விளைவித்துப் பிழைத்த கிராமத்து ஜனங்கள் காத்தார்கள். அதுவும் தர்ம சிந்தனைக்காக மட்டுமல்ல, தங்கள் வயலுக்காகக் காத்தார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது.

கரையில் நடந்தால் தெரிவது

செங்கற்பட்டு மாவட்டம், மதுராந்தகம் தாலுகாவில் உள்ள ஊர் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர். தாங்கல் என்றால் அந்தப் பக்கத்தில் சிறிய ஏரி என்று அர்த்தம். வேடன் பேரைச் சுமந்துகொண்டு நிற்கும் ஏரியில் வேட்டைக்கு இடமில்லை என்பது ஒரு வேடிக்கை.

ஏரியின் விஸ்தீரணம் சுமார் 75 ஏக்கர்தான். மதுராந்தகம் பெரிய ஏரியோடு ஒப்பிட்டால் இது ஒரு குட்டை. கரை மேல் நடைபாதை இருக்கிறது. நிழல் மரங்கள் இருக்கின்றன. ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் உண்டு. கரையில் நடந்துகொண்டே ஒரு பக்கம் பார்த்தால் தண்ணீர். தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும். மரம் பச்சையா வெள்ளையா என்று தெரியாதபடி பறவைகள். இன்னொரு பக்கம் பார்த்தால் மடை. மடைக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் நெல் வயல். ஒரே கரைதான், இரண்டு பக்கம். வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உழைப்பாளிகள் வந்தால் வயல் பக்கத்தையும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. நிரம்பினதும் பறவைகள் வந்து சேருகின்றன. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வர்ண நாரை. நத்தைக்குத்தியின் அலகைக் கவனித்துப் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் ஒரு சந்து இருக்கும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுக்கத் தோதான ஆயுதம். பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பார்க்கிறவன் பாம்பென்றுதான் நினைப்பான். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிற வாத்து இனங்களும் உண்டு. எத்தனையோ தேசங்களின் எல்லையைப் பாஸ்போர்ட் இல்லாமல் தாண்டி வருகின்றன. வேலை தேடி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலம் போகும் தொழிலாளியை ரயிலடியிலேயே மடக்கி அடையாளச் சீட்டுக் கேட்கிற தேசத்துக்குத்தான் அவை வருகின்றன!

மரத்தில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுக்கு இறக்கை முளைத்து, கோடையில் ஏரித் தண்ணீர் வற்றும்போது கூட்டம் கலைகிறது. இந்த ஐந்தாறு மாதமும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. எச்சம் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. விளைச்சல் கூடுகிறது. ரசாயன உரம் என்ற பேரே கேட்டிராத காலத்தில் வேடந்தாங்கல் குடியானவன் இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தான். பறவை பகலெல்லாம் சுற்றுவட்டாரத்து ஏரியிலும் வயலிலும் மீனும் நத்தையும் தவளையும் பிடித்துத் தின்றுவிட்டு இரவு இங்கே வந்து அடைகிறது. ஐந்தாறு ஊரில் சிதறிக் கிடக்கும் சத்தைத் திரட்டி ஒரு ஊர் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கிறது. வண்டிச் சத்தம் இல்லை, கூலி இல்லை, தரகு இல்லை. உர மூட்டைக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் வெயிலில் வரிசை நின்றவனுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

துப்பாக்கியும் கௌலும்

18-ம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். கிராமத்தார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை போனால் எங்கள் விளைச்சல் போகும், விளைச்சல் போனால் உன் வரி எங்கிருந்து வரும்? வாதம் இந்த வழியில்தான் போயிருக்க வேண்டும். கம்பெனிக்காரன் காதில் ஏறுகிற வாதமும் அதுதான். 1798-ம் ஆண்டு கலெக்டர் லயனல் பிளேஸ் கௌல் எழுதிக் கொடுத்தார். பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று உத்தரவு. பிற்பாடு 1858-ல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. சரணாலயம் என்ற சர்க்கார் அங்கீகாரம் வந்தது 1936-ல்தான். அதாவது, சர்க்கார் விழித்துக்கொள்வதற்கு 138 வருஷம் முந்தியே கிராமத்து ஜனங்கள் தகராறு செய்து சாதித்துவிட்டார்கள்.

இதே பிளேஸ் துரையைப் பற்றிப் பக்கத்து மதுராந்தகத்தில் ஒரு கதை சொல்வார்கள். பெரு மழையில் ஏரி உடைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததாம். துரை இரவில் கரைக்குப் போய்ப் பார்த்தபோது வில்லும் அம்புமாக ராமனும் லட்சுமணனும் கரையைக் காத்து நின்றார்களாம். அதனால்தான் அந்தக் கோயிலுக்கு ஏரி காத்த ராமர் கோயில் என்று பெயர். கதை அழகாகத்தான் இருக்கிறது. பக்தியோடு சொல்கிறவர்களை நாம் பரிகாசம் செய்ய வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கலாம். வருஷா வருஷம் கோடையில் ஏரிக்குள் இறங்கி வண்டல் வெட்டி, கூடையில் சுமந்து, கரையில் கொட்டி, மிதித்து இறுக்கியவன் யார்? மழை இரவில் மடைக்குள் மூச்சடக்கி மூழ்கி அடைப்பை எடுத்தவன் யார்? அவனைத் துரையும் காணவில்லை. கதை கட்டினவனும் காணவில்லை.

வேடந்தாங்கலிலும் அதே கதைதான். “கிராமத்தார்” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்துக் கிராமம் ஒன்றா? மிராசுதாரர் ஒரு பக்கம். அவர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த படியாள் ஒரு பக்கம். கலெக்டர் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்க மிராசுதாரருக்குத்தான் முடியும். ஏரியைத் தூர்வாரினவன் சேரியில் இருந்தான். பறவை உரத்தால் கூடிய விளைச்சலில் அவனுக்கு எத்தனை படி நெல் கூட வந்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேடந்தாங்கலின் பெருமையைப் பாடுவது அரைப் பாட்டுத்தான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உழைக்கிறவன் வாழ்வும் பறவையின் வாழ்வும் ஒரே ஏரியில் பிணைந்து கிடந்தபடியால்தான் இரண்டும் பிழைத்தன. பிணைப்பு அறுந்த இடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வடக்கே ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.

பரத்பூரில் ஒரு கல்

ராஜஸ்தானில், ஆக்ராவுக்குச் சற்று மேற்கே பரத்பூர். பழைய சமஸ்தானம். ஊருக்கு வெளியே கேவலாதேவ் என்ற சிவன் கோயில் பேரால் ஒரு சதுப்பு நிலம். விஸ்தீரணம் 7,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஆதியில் மேடு பள்ளமான மேய்ச்சல் தரை. பரத்பூர் ராஜா சூரஜ்மல் காலத்தில் அஜான் என்ற இடத்தில் அணைக்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். பின்னால் வந்த ராஜாக்கள் உள்ளே குறுக்குக் கரைகளும் மதகுகளும் கட்டி, வாத்து வேட்டைக்கென்றே இந்தச் சதுப்பைச் சமைத்தார்கள். இன்று அந்தக் குறுக்குக் கரைகள்தான் நடைபாதைகள். கால்நடையாகவும் சைக்கிளிலும் ரிக்ஷாவிலும் போய்ப் பார்க்கலாம். அங்கே பறவையைக் காட்டி அதன் பேரை இந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்வதற்குப் பயிற்சி பெற்றவர்கள் ரிக்ஷா இழுக்கும் தொழிலாளிகள். நாள் பூராவும் மிதித்துக்கொண்டே, எந்த மரத்தில் எந்த ஆந்தை என்று சொல்வார்கள். படித்தவன் கொண்டுவரும் தடித்த புத்தகத்தைவிட அவர்கள் கண் கூர்மையானது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டியிருக்கிறது. யுத்தத்தில் செத்த வீரர்களுக்கு நாட்டியது என்று தூரத்திலிருந்து பார்த்தால் தோன்றும். கிட்டப் போய்ப் படித்தால், வேட்டைக் கணக்கு! எந்தத் தேதியில், எந்தப் பிரபுவின் வருகையை ஒட்டி, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று பத்தி பத்தியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1902-ல் கர்ஸன் பிரபுவுக்காக நடந்த வேட்டையிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. உச்சம் 1938-ம் ஆண்டு நவம்பர் 12. அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டி ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. தின்பதற்கா? ஒரு பட்டாளமே உட்கார்ந்தாலும் தின்று தீர்க்க முடியுமா? சுட்டவன் பெயர் கல்லில் இருக்கிறது. சேற்றில் இறங்கிச் செத்த வாத்தைப் பொறுக்கிக் கரை சேர்த்தவன் பெயர் இல்லை.

1947-ல் வெள்ளைக்காரன் போனான். சமஸ்தானம் போயிற்று. வேட்டை போயிற்றா? மகாராஜாவுக்கு வேட்டை உரிமை 1972 வரை இருந்தது! விருந்தாளிகளோடு பெரிய வேட்டை 1960-களிலும் நடந்தது. அத்தனை காலமும் சுற்றியுள்ள கிராமத்து ஏழை ஜனங்கள் எருமையை ஓட்டிக்கொண்டு போய் அந்தச் சதுப்பில் மேய்த்துவந்தார்கள். புல் அறுத்தார்கள். விறகு பொறுக்கினார்கள். ராஜாவின் துப்பாக்கிக்கும் தப்பி, எருமைகளோடும் பழகி, பறவைகள் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தன.

பிறகு இந்த இடத்துக்குத் தேசியப் பூங்கா என்று பட்டம் கிடைத்தது 1982-ல். பட்டம் கிடைத்த கையோடு அதே வருஷம் நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை. மாற்று மேய்ச்சல் நிலத்துக்கு வகை செய்யாமல் திடீரென்று கதவை அடைத்தால் எருமையை எங்கே ஓட்டுவது? ஜனங்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. கிராமத்தார் சிலர் உயிர் இழந்தார்கள். ராஜாவும் வைசிராயும் பறவையைச் சுட்ட மண்ணில், பறவையைக் காக்கிறோம் என்று சொல்லிச் சுதந்திர சர்க்கார் மனிதனைச் சுட்டது. இதற்குக் கல் நாட்டவில்லை.

அதோடு விட்டதா? இனிமேல்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து விஞ்ஞானிகள் 1980-களில் பத்து வருஷம்போல அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். மேய்ச்சல் கூடாது என்ற அபிப்பிராயத்துக்குப் பக்கபலமாக நின்ற கழகம்தான் அது. ஆராய்ச்சியின் முடிவு என்ன? எருமை போனபின் தண்ணீரில் படரும் ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து சதுப்பை மூடிவிட்டது. திறந்த தண்ணீர் குறுகியது. மீனுக்கு இடமில்லை. நீந்தி இரை தேடும் வாத்துக்கு இடமில்லை. பறவைகளின் தொகை குறைந்தது. இத்தனை நாளும் அந்தப் புல்லை அடக்கி வைத்துப் பறவைக்கு இடம் ஒழித்துக் கொடுத்தவை எருமைகள்! எருமை மேய்த்தவன் பறவைக்கு எதிரி என்று முத்திரை குத்திச் சுட்டார்கள்; அவன் பறவைக்குக் கூலி வாங்காத வேலையாள் என்று விஞ்ஞானம் தீர்ப்புச் சொன்னது. பிறகு கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். போன உயிரை யார் கொடுப்பது?

இங்கே விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாங்கள் ஆதரித்த தடை தப்பென்று தங்கள் ஆராய்ச்சியிலேயே கண்டபோது அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அது நேர்மை. கமிட்டி போட்டு அறிக்கை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் மந்திரிமார்களுக்கு அந்த நேர்மையில் கால்வாசி இருந்தால் போதும்.

பரத்பூரின் கஷ்டம் அத்தோடு தீரவில்லை. சதுப்புக்குத் தண்ணீர் வரும் ஆற்றுக்கு மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்தது. 2004-ம் ஆண்டு வாக்கில் மழை பொய்த்தபோது, அணைத் தண்ணீர் தங்கள் வயலுக்கு வேண்டுமென்று அந்தப் பக்கத்து விவசாயிகள் மறித்தார்கள். சதுப்பு காய்ந்து வெடித்தது. உடனே பட்டணத்துப் பத்திரிகைகள் “விவசாயியா, பறவையா?” என்று தலைப்புப் போட்டன. இந்தக் கேள்வியே மோசடி. அணையைத் திட்டமிட்டபோது கீழே ஒரு சதுப்பு இருக்கிறது, மேலே பாசனத்துக்குக் காத்திருக்கும் விவசாயி இருக்கிறான் என்று சர்க்காருக்குத் தெரியாதா? இரண்டு பேருக்கும் வழி செய்யாமல் விட்டுவிட்டு, இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆளும் கூட்டத்தின் பழைய வித்தை. மில்லில் பழைய தொழிலாளியையும் வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியையும் மோதவிடுவதும் இதே வித்தைதான்.

ஐந்து கிலோ மீட்டர் வட்டம்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1998-ல் தமிழ்நாடு சர்க்கார் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வட்டத்தைச் சரணாலயமாக அறிவித்தது. காரணம் சரிதான். பறவை அடைவது ஏரியில். இரை தேடுவது சுற்றுவட்டாரத்தில். ஏரியை மட்டும் காத்துவிட்டுச் சுற்றிலும் விஷத்தைக் கொட்டினால் பறவை பிழைக்காது. ஆனால் வட்டம் போட்டவர்கள் அந்த வட்டத்துக்குள் வாழ்கிற ஜனங்களிடம் உட்கார்ந்து பேசினார்களா? உங்கள் பட்டா நிலம் உங்களிடமே இருக்கும், இன்னின்னது செய்யலாம், இன்னின்னது கூடாது என்று கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டினார்களா? நாம் விசாரித்தவரை, வீடு கட்ட வேண்டும், கிணறு ஆழப்படுத்த வேண்டும் என்றால் யாரைக் கேட்பது என்றே பலருக்குப் புரியவில்லை. பயம் இருக்கிறது. பயத்தில் அர்த்தமும் இருக்கிறது.

அந்தப் பயத்தை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். 2020-ல், கொரோனா முடக்கத்தில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, 5 கிலோ மீட்டரை 3 கிலோ மீட்டராகச் சுருக்கும் யோசனை கிளம்பியது. கிராமத்தாரின் கஷ்டத்தைத் தீர்க்கவே இந்த யோசனை என்றார்கள். அடேயப்பா, என்ன கரிசனம்! அந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய மருந்துத் தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. அது விஸ்தரிப்புக்கு மனுப் போட்டிருந்தது. குடிசைக்குக் கூரை மாற்ற வேண்டுமென்று ஒரு கூலிக்காரன் மனுப் போட்டால் சரணாலயத்தின் எல்லையைத் திருத்துவார்களா? விவசாயிகளும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விஷயம் கோர்ட்டு வரை போயிற்று. 1798-ல் கம்பெனியின் சிப்பாய் வந்தான்; 2020-ல் வேறு கம்பெனி வந்தது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் இல்லை.

2022-ல் வேடந்தாங்கலும், அதற்குப் பக்கத்துக் கரிக்கிலியும், சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ராம்சர் என்பது ஈரான் தேசத்து ஊர். 1971-ல் அங்கே செய்த உடன்படிக்கை. பெருமைதான். ஆனால் பட்டியல் பலகையை நட்டால் மட்டும் ஏரி பிழைக்காது. பள்ளிக்கரணையைப் பாருங்கள். பழைய சதுப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். பெருங்குடிக் குப்பையும், கண்ணாடிக் கட்டடங்களும், அகல ரோடுகளும் மற்றதை விழுங்கிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கமெல்லாம் மிதந்தது. அப்புறம் ஆக்கிரமிப்பாளன் என்று யாரைப் பிடித்தார்கள்? கூவம், அடையாற்றுக் கரையில் குடிசை போட்டிருந்த ஏழையைப் பிடித்து, பிழைப்புக்கு வழியில்லாத தூரத்தில், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அதுவும் தண்ணீர் தேங்கும் தாழ்வான பிரதேசம். சதுப்பைத் தின்ற பெரிய கட்டடத்தில் ஒரு செங்கல்லாவது பெயர்ந்ததா?

நம் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இடதுசாரிகள் பார்லிமெண்டில் பலத்தோடு இருந்த காலத்தில் நெருக்கி வாங்கிய சட்டம். பரம்பரையாகக் காட்டையும் நீர்நிலையையும் அண்டிப் பிழைக்கிற ஜனங்களுக்கு மேய்ச்சல் உரிமை, மீன் பிடிக்கும் உரிமை, நீர்நிலையில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் அதில் எழுத்தில் இருக்கிறது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். உரிமையைப் பரிசீலிக்கத் தொடங்குவது கிராம சபைதான். பரத்பூர்க்காரனுக்கு 1982-ல் இல்லாத ஆயுதம் இது. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை சரணாலயத்துக் கிராமங்களில் இந்தச் சட்டத்தின் கீழ் மனு வாங்கி ரசீது கொடுத்திருக்கிறார்கள்? விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் இதைக் கிளை கிளையாக எடுக்க வேண்டும்.

திருப்பூர்த் தோழர்களுக்கு

மில் தொழிலாளிகள், இதெல்லாம் கிராமத்துக்காரன் விவகாரம் என்று ஒதுங்க வேண்டாம். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 310 ஏக்கர். நல்லாற்றுத் தண்ணீர் அதில் விழுகிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் அதுவும் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. பனியன் கம்பெனியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

நொய்யலின் கதை அவர்களுக்குத் தெரியும். சாயக் கழிவை ஆற்றில் விட்டு விட்டு, 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத சாயத் தொட்டியாக ஆனது. கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட ஐகோர்ட் உத்தரவிட்டது. அப்போது தெருவில் நின்றவன் யார்? சாயப் பட்டறைத் தொழிலாளி. “விவசாயியால்தான் உன் வேலை போயிற்று” என்று முதலாளிமார் அவன் காதில் ஓதினார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்து லாபத்தில் சேர்த்துக்கொண்ட ஆசாமி நல்லவனாகிவிட்டான்! பரத்பூரில் விவசாயிக்கு எதிராகப் பறவையை நிறுத்தினார்கள். திருப்பூரில் தொழிலாளிக்கு எதிராக விவசாயியை நிறுத்தினார்கள்.

இன்னொரு விஷயம். ஏரிக்கரையில் நடக்கக் கால் மட்டும் போதாது, நேரம் வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்ததால் மே தினத்துக்குள் வாபஸ் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த மசோதா நிலைத்திருந்தால், தொழிலாளி பறவை பார்ப்பது கிடக்கட்டும், பெற்ற பிள்ளை விழித்திருக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க முடியாது. கோவை, திண்டுக்கல் பக்கத்து நூல் மில் விடுதிகளில் இருக்கும் இளம் பெண்களைக் கேளுங்கள். வார விடுமுறையன்று கேட்டைத் தாண்டி வெளியே வரப் பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். சைபீரிய வாத்துக்கு இருக்கிற நடமாட்ட உரிமை நம் பெண்களுக்கு இல்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் இஷ்டம் என்று நம் முன்னோர் கேட்டார்களே, அந்த “நம் இஷ்டம்” என்ற எட்டு மணியில் ஏரிக்கரையும் சேர்த்திதான்.

ஆகவே சங்கக் கிளைகள் ஒரு காரியம் செய்யலாம். மார்கழி, தை மாதத்தில் ஒரு விடுமுறை நாள் பார்த்துக் குடும்பங்களோடு புறப்படுங்கள். வடக்கே உள்ளவர்கள் வேடந்தாங்கலுக்கு, கொங்கு நாட்டார் நஞ்சராயன் குளத்துக்கு, நெல்லைச் சீமைக்காரர்கள் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு. கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும். பறவை பயப்படுமென்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. போகிறவர்கள் காலையில் வெயில் ஏறுமுன் போங்கள், அல்லது மாலை நாலு மணிக்குமேல் இருங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. செங்கொடியைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம், பறவைக்கு அதனோடு விரோதம் இல்லை. ஆனால் கோஷம் மட்டும் அன்றைக்கு வேண்டாம். சத்தத்துக்குத் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பினால் குஞ்சு வெயிலில் காயும், காக்கை முட்டையைத் தூக்கும். சோற்றுப் பொட்டலத்தின் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் கரையில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையைக் கூட்டுகிறவரும் கூலித் தொழிலாளிதான்.

பறவை பார்த்து முடித்ததும் கரையின் மறுபக்கம் இறங்குங்கள். மடை திறக்கிறவர் யார், ஏரி தூர்வாரி எத்தனை வருஷம் ஆயிற்று, வேலிக்குள் காவல் வேலை பார்க்கிறவர்கள் நிரந்தர ஊழியர்களா தினக்கூலிகளா, நாளைக்கு எவ்வளவு கூலி, கடைசியாக எந்த மாதத்துக் கூலி கைக்கு வந்தது என்று விசாரியுங்கள். அவர்கள் பெயரைப் போடாமல், ஊர்ப் பெயரோடு விவரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.